இரும்பு மனிதன் தண்ணீர் வாங்கிய விதம்

அந்தச் சனிக்கிழமை காலை உத்தமன் தன் முகத்தின் இடப்பக்கத்தைப் பூசி முடித்திருந்தார். வலப்பக்கம் இன்னும் மனிதனாகவே இருந்தது.

தேங்காய் எண்ணெயில் குழைத்த சில்வர் பவுடரை விரலால் தொட்டுத் தொட்டு, காது மடலின் பின்பக்கம் வரைக்கும் விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் எவன் பார்க்கப்போகிறான் என்று யாராவது கேட்டுவிட்டால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். இரும்பில் செய்த ஆளுக்குக் காதுக்குப் பின்னால் மட்டும் தோல் இருக்குமா?

மனைவி கண்ணம்மா காபியைக் கொண்டுவந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். பாதி டம்ளர்தான் இருந்தது.

"இன்னாடி இது, இன்னிக்கும் அரை டம்ளரா? கண்ணாலம் ஆயி இருபத்திரெண்டு வருசம். ஒரு நாளாச்சும் ரொப்பிக் குட்த்துகிறியா?"

"குடிச்சிட்டுக் கேளு, இன்னும் ஊத்தறேன். கொறஞ்சா பூட்ட?"

"உங்க வேப்பம்பட்டு ஆளுங்க கையே அப்டிதான். புடிச்சிப் புடிச்சி ஊத்தற கை."

"ஆமாய்யா, எங்க ஊட்ல மரக்கால் வெச்சி நெல்லு அளந்த கையி. உங்க குவாட்டர்ஸ்ல ரேசன் அரிசி அளந்துகினு எங்கள சொல்ல வந்துட்டாரு."

வழக்கமாக இந்தப் பேச்சு இன்னும் கொஞ்ச தூரம் போகும். அன்றைக்கு உத்தமன் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். மனசு அப்படி நிறைந்திருந்தது. அன்று போகப்போவது கல்யாண மண்டபத்துக்கு அல்ல, பூந்தமல்லி தாண்டி இருக்கும் ஒரு கல்லூரிக்கு. அங்கே பெரிய திரையில் அந்தப் படத்தைப் போடப்போகிறார்கள். முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஆவடி குவார்ட்டர்ஸ் கிளப்பில் பார்த்தாரே, அந்த ஊமைப் படம். இரும்பு மனிதன் நடந்துவந்த படம்.

உத்தமனுக்கு நாற்பத்தெட்டு வயது. பவுடர் பூசாத நாளில் பருத்திப்பட்டு ஏரிக்கரைத் தெருவில் அவரை நின்று பார்க்க ஆள் கிடையாது. பூசிக்கொண்டு, தகர மார்புக்கவசத்தை மாட்டிக்கொண்டு, மண்டப வாசலில் நின்றாரென்றால் மாப்பிள்ளை பெண்ணைவிட அவரோடு படம் பிடித்துக்கொள்கிற கூட்டம்தான் அதிகம். வேலப்பன்சாவடியிலிருந்து திருநின்றவூர் வரைக்கும் வரவேற்பு என்றால் ரோபோ உத்தமன் என்று ஒரு காலம் இருந்தது. வெட்டி வெட்டி நடப்பார். வெட்டி வெட்டிக் கும்பிடுவார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு டம்ளர் ஐட்டம் உண்டு. கூட்டத்திலிருந்து ஒரு குழந்தையை அழைத்து, ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டச் சொல்வார்கள். இரும்பு மனிதன் அதைப் பார்ப்பான். முழங்கை ஒரு வெட்டு, மணிக்கட்டு ஒரு வெட்டு, வாங்கும்போது கழுத்து மூன்று வெட்டு. தண்ணீர் தளும்பும், வழியாது. முக்கால் டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு கீழே விழாமல் அதைச் செய்துகாட்டப் பழகியதற்கு மட்டும் அவருக்கு நான்கு வருஷம் ஆனது.

"கழுத்து மூணு வெட்டு. நாலு இல்ல, ரெண்டு இல்ல," என்பார் யாராவது கேட்டால். "அந்தப் படத்துல மூணு. நான் பண்றது அச்சு அசல்."

இந்த அச்சு அசல்தான் உத்தமனின் சொத்து. சொத்து என்று சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் அவரிடம் கிடையாது.

அவருடைய அப்பா கங்காதரன் ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து, ஆவடி ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். குவார்ட்டர்ஸில் எல்லா மாவட்டத்து ஆட்களும் இருந்தார்கள். திருநெல்வேலிக்காரர் வீட்டுக்கும் தர்மபுரிக்காரர் வீட்டுக்கும் ஒரே சுவர். அத்தனை பேரையும் ஒன்றாக உட்காரவைத்தது கிளப்பில் சனிக்கிழமை சாயங்காலம் ஓட்டும் படம். சின்ன ரீல் புரொஜெக்டர். மிஷின் என்று பேர் வைத்த எதுவும் கங்காதரன் கைக்குத்தான் வரும் என்பதால் அதுவும் அவரிடம் வந்தது. பத்து வயது உத்தமனுக்கு மிஷினுக்குப் பக்கத்திலேயே இடம்.

மிஷினின் பக்கவாட்டில் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருந்தது. மேலே தள்ளினால் ஒரு இடம், கீழே தள்ளினால் ஒரு இடம். அதை யாரும் தொட்டதே இல்லை. அது எதற்கு என்று அப்பாவைக் கேட்டதற்கு, "அது நமக்குத் தேவையில்லடா, தொடாத" என்றார். தொடாதே என்று சொன்ன பிறகு தொடாமல் இருக்க அவன் என்ன சாமியாரா? ஒரு சனிக்கிழமை, கதாநாயகன் மரத்தைச் சுற்றி உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தபோது, விரலால் மெல்லக் கீழே தள்ளிவிட்டான். பாட்டு இழுத்தது. கதாநாயகன் கன்று ஈனுகிற எருமையின் குரலில் கத்த ஆரம்பித்தான். கிளப்பே சிரித்தது. கிளப் செக்ரெட்டரி சிரிக்கவில்லை. முந்நூறு பேர் முன்னால் கங்காதரனை நிற்கவைத்துப் பேசினார்.

அப்பா அவனை அடிக்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு எஃகுத் தகட்டைச் சுவிட்சின் அளவுக்கு வெட்டி, சுவிட்சை மேல் பக்கத்தில் நிறுத்தி, அதன்மேல் தகட்டை வைத்து இரண்டு ஸ்க்ரூ போட்டார். அதோடு விடவில்லை. ஸ்க்ரூவின் தலையை அரத்தால் ராவி ராவி மொழுக்கென்று ஆக்கினார். இனி எந்த ஸ்க்ரூடிரைவரும் அதில் பிடிக்காது. உத்தமன் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இனிமே எவன் வந்தாலும் இத ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் அப்பா. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், கங்காதரன் வேலை என்றால் அது வேலை.

அடுத்த வருஷம் அந்தப் படப்பெட்டி வந்தது. வெளிநாட்டுத் தூதரகம் ஒன்று தன் நூலகத்திலிருந்து கிளப்புகளுக்கு இலவசமாகப் படம் கொடுக்கும். இவர்கள் சர்க்கஸ் படம் கேட்டு எழுதினார்கள். வந்தது எந்தக் காலத்துப் படமோ. பேச்சு இல்லை, நடுநடுவே வரும் எழுத்தும் புரியாத பாஷை. பெரியவர்கள் பத்தாவது நிமிஷத்தில் எழுந்து பீடி பிடிக்கப் போனார்கள். பிள்ளைகள் போகவில்லை.

ஒரு தீவு. அதில் ஒரு விஞ்ஞானி. நடக்க முடியாத தன் மகளுக்குத் துணையாக அவர் இரும்பில் ஒரு ஆளைச் செய்கிறார். அந்த ஆள் அவளைத் தூக்கிக்கொண்டு போவான், கதவு திறப்பான், விளக்கு ஏற்றுவான். ஒரு நாள் அந்தப் பெண், இரும்புக்குத் தாகம் கிடையாது என்பதை மறந்து, அவனுக்கு ஒரு குவளைத் தண்ணீரை நீட்டுகிறாள். அவன் வாங்குகிறான். வெட்டு, வெட்டு, வெட்டு. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் அவன் கடலுக்குள் விடுவிடுவென்று ஓட்ட நடையாக இறங்கிப் போய்விடுவான். அதற்கும் சிரித்தார்கள்.

பெட்டியைத் திரும்ப வாங்கிப்போக வண்டி ஒரு மாதம் வரவில்லை. அதனால் நான்கு சனிக்கிழமை, முக்கியப் படத்துக்கு முன்னால் அதையே ஓட்டினார்கள். உத்தமன் நான்கு முறையும் சிரிக்காமல் பார்த்தான். தண்ணீர் வாங்குகிற இடத்தில் கழுத்து வெட்டுவதை எண்ணினான். மூன்று. படத்தில் அந்த விஞ்ஞானியும் மகளும்கூடத் துள்ளித் துள்ளித்தான் அலைந்தார்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்கு எல்லாவற்றிலும் அவசரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வருஷம் பொங்கல் மாறுவேடப் போட்டியில் இரும்பு மனிதனாக நடந்து ஒரு பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி வாங்கினான். அதிலிருந்து ஆரம்பித்தது. அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் உத்தமனுக்கு இடம் கிடைக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கான்ட்ராக்டில் நாலைந்து கம்பெனி மாறினார். எதிலும் நிற்கவில்லை. நின்றது இது ஒன்றுதான்.

ஆறேழு வருஷமாக ஊர் மாறிவிட்டது. உடம்பெல்லாம் விளக்கு எரியும் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலில் கட்டை கட்டி உயரமாகி, டிஜே பாட்டுக்குக் குதிக்கிற ரோபோக்கள் வந்துவிட்டன. நிகழ்ச்சிகள் பிடித்துத் தரும் தேவாவே அந்தச் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினான்.

"அண்ணாத்தே, மாட்டிகினு சும்மா நில்லு. லைட்டே ஆடும், நீ ஆடவே வாணாம். உன் கழுத்துக்கும் நல்லது."

"இது இன்னா தேவா, நடக்கிற சீரியல் செட்டு மாரி கீது?"

"ஜனம் இத்தான் கேக்குது."

"ஜனம் ஆயிரம் கேக்கும். நான் பண்றது ஒரிஜினல். எடுத்துகினு போ."

கழுத்து என்று தேவா சொன்னதிலும் பொய் இல்லை. ஒரு நாளைக்கு இருநூறு முறை, இருபத்தைந்து வருஷம். கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். வேஷம் இல்லாத நாளில் கழுத்துப்பட்டை போட்டுக்கொள்ள வேண்டும், வேஷத்தையே விட்டுவிட்டால் இன்னும் நல்லது என்றார். உத்தமன் பட்டையைப் போட்டுக்கொண்டார். வேஷத்தை விடவில்லை. வலியில் இரவு புரண்டு படுக்க முடியாதபோதெல்லாம் அவர் தனக்குச் சொல்லிக்கொள்வது ஒன்றுதான்: சும்மா ஒன்றும் கெடவில்லை, சரியாகச் செய்து கெட்டது.

ஜெயப்பிரியா மேடம் அவரைப் பார்த்தது ஒரு வரவேற்பில். கல்லூரியில் சினிமா பற்றிப் பாடம் எடுக்கிறவர். எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டு போன பிறகு, அவர் மட்டும் நின்று, "இந்த நடைய எங்க சார் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். இருபத்தைந்து வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள். வேஷத்தில் இருக்கும்போது உத்தமன் வாய் திறப்பதில்லை. அன்றைக்குத் திறந்தார். தீவு, விஞ்ஞானி, குவளை, மூன்று வெட்டு, எல்லாவற்றையும் கொட்டினார். இரண்டு மாதம் கழித்து போன் வந்தது.

"உங்க படம் கெடச்சிருச்சு சார். ஏதோ ஒரு ஊர்ல பத்திரமா வெச்சிருந்து, சுத்தம் பண்ணி வெளியிட்டிருக்காங்க. எங்க ஹால்ல போடறோம். மொதல்ல நீங்க பண்ணிக் காட்டுங்க, அதுக்கப்புறம் படம். பசங்களுக்கு அப்பதான் நல்லாப் புரியும்."

என்ன புரியும் என்று உத்தமன் கேட்கவில்லை. அவருக்குத் தோன்றியது ஒன்றுதான். இத்தனை நாள் வெறும் வாயால் சொன்னதற்கு, இதோ, சாட்சி வந்துவிட்டது. அசலையும் அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊர் பார்க்கப்போகிறது.

ஹாலில் இருநூறு பிள்ளைகள் இருந்தார்கள். உத்தமன் அன்று நடந்ததுபோல என்றைக்கும் நடந்ததில்லை. ஒரு மாணவி மேடையேறி டம்ளரை நீட்டினாள். அன்றைக்கு விளிம்பு வரை நிரப்பச் சொல்லியிருந்தார். முழங்கை. மணிக்கட்டு. கழுத்து, ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு சொட்டு விழவில்லை. விசில் பறந்தது. முன்வரிசையில் அவருக்காகச் செய்தித்தாள் விரித்துவைத்த நாற்காலியில், பவுடர் ஒட்டாமல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். விளக்கை அணைத்தார்கள்.

தீவு வந்தது. விஞ்ஞானி வந்தார். ஆனால் அவர் துள்ளவில்லை. சாதாரணமாக, களைத்துப்போன ஒரு அப்பா நடப்பதுபோல நடந்தார். மகள் தலையைத் திருப்பினாள், எந்த வீட்டுப் பெண்ணும் திருப்புவதுபோல.

"மேடம்," என்றார் இருட்டில், சத்தமாகவே. "மெசின் ஸ்லோவா ஓடுது. கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பக்கத்து நாற்காலியிலிருந்து ஜெயப்பிரியா குனிந்து, "இல்ல சார், இதான் சரியான ஸ்பீடு. பாருங்க, சொல்றேன்," என்றார்.

இரும்பு மனிதன் வந்தான். அவனுடைய நடையில் வெட்டு இல்லை. கனமாக, ஒவ்வொரு அடியும் தரையைக் கேட்டுவிட்டு வைப்பதுபோல வந்தான். தூங்குகிற குழந்தையை எடுப்பதுபோல அந்தப் பெண்ணைத் தூக்கினான். குவளை வந்தது. அவன் அதைப் பார்த்தான். அவ்வளவு நேரம் பார்த்தான். பிறகு கை போனது, நீருக்குள் போகிற கையைப்போல. வாங்கிக்கொண்டு, குடிக்கத் தெரியாமல், திருப்பித் தரவும் மனசில்லாமல் வைத்துக்கொண்டு நின்றான். கழுத்து மெல்லச் சாய்ந்தது. கொஞ்சம் சாய்ந்து, நின்று, இன்னும் கொஞ்சம் சாய்ந்து, நின்று, கடைசியாக அவள் முகத்துக்கு நேராக வந்தது. மூன்று முறைதான். அந்த மூன்றை எண்ணிய உத்தமனின் எண்ணிக்கையில் பிழை இல்லை.

இருநூறு பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் கடலுக்குள் இறங்கியபோது பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

விளக்கு எரிந்ததும் ஜெயப்பிரியா மேடையேறினார். நல்ல பெண். மனசில் கள்ளம் கிடையாது. உத்தமனுக்குப் பெருமை செய்வதாக நினைத்துத்தான் பேசினார்.

"அந்தக் காலத்துல கேமராவக் கையால சுத்துவாங்க. செகண்டுக்குப் பதினாறு, பதினெட்டுப் படம். பேசும் படம் வந்தப்புறம் இருபத்தி நாலு. பழைய படத்த எடுத்து இருபத்தி நாலுல ஓட்டினா எல்லாரும் துள்ளுவாங்க, வெட்டி வெட்டி நடப்பாங்க. எத்தனையோ பேரு அப்படித்தான் பாத்தாங்க. பாத்துட்டு, மிஷின் மனுஷன்னா இப்படித்தான் நடப்பான்னு நெனச்சுக்கிட்டாங்க. உத்தமன் சார் பாத்ததும் அப்படி ஓட்டினதுதான். யோசிச்சுப் பாருங்க, நூறு வருஷத்துக்கு முன்னாடி எங்கயோ எடுத்த ஒரு ஊமைப் படம், ஒரு தப்பான வேகம், அது இன்னிக்கு நம்ம பூந்தமல்லி கல்யாண மண்டபத்துல உயிரோட நடந்துக்கிட்டிருக்கு. அதோ, ஒக்காந்திருக்காரு!"

கைத்தட்டல் கிளம்பியது. எழுந்து நின்று தட்டினார்கள். உத்தமன் எழுந்து கும்பிட்டார். கை தானாக வெட்டி வெட்டித்தான் கூடியது. பிள்ளைகள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு அவர் மேடத்திடம் போனார்.

"அதுக்கு புரொஜெக்டர்ல சுவிட்ச் எதுனா உண்டா மேடம்?"

"உண்டு சார். அந்த மாதிரிச் சின்ன மிஷின்ல பக்கவாட்டுல குட்டியா ஒண்ணு இருக்கும். ஊமைப் படத்துக்கு ஒண்ணு, பேசும் படத்துக்கு ஒண்ணு. மாத்த மறந்திருப்பாங்க."

"மறக்கல மேடம்," என்றார் உத்தமன்.

ஜெயப்பிரியாவுக்கு அது விளங்கவில்லை. நன்றி சொல்லி ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். அதில் சில்வர் பவுடர் ஒட்டியது.

ஆவடி பஸ்ஸில் பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை, துணி கெட்டுவிடும் என்று. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, உத்தமன் மனசுக்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை டார்ச் விளக்கின் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அரத்தின் சத்தம் கேட்டது. அப்பா நல்ல வேலைக்காரர். கொஞ்சம் மோசமான வேலைக்காரராக இருந்திருந்தால் அந்த ஸ்க்ரூ எப்போதோ கழன்றிருக்கும். அந்தத் தகட்டை அங்கே வரவழைத்த விரலோ இதோ, கம்பியைப் பிடித்திருக்கிறது, வெள்ளிப் பூச்சோடு. யாரைத் திட்டுவது?

அடுத்த ஒரு வாரம், கண்ணம்மா அம்பத்தூருக்குத் தையல் வேலைக்குப் போன பிறகு, அவர் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். அந்த நடையைத் திரும்பக் கற்றுக்கொள்ள முடியுமா என்று பார்த்தார். நான்கு சனிக்கிழமையில் கற்றது, ஒரு வாரத்தில் கொஞ்சமாவது வராதா? மனசில் அந்தக் கை நீருக்குள் போவதுபோலப் போனது. கண்ணாடியில் இவருடைய கை வெட்டிக்கொண்டு போனது. பாதி தூரம் மெல்லப் போகும். பிறகு முழங்கை தானாக நின்று ஒரு வெட்டு வெட்டும். கழுத்தை மெல்லச் சாய்த்தால் தேய்ந்த எலும்பு ஒரு இடத்தில் மாட்டி, நழுவி, உதறும். அதை அவர் செய்யவில்லை. அது நடந்தது.

எட்டாம் நாள் நூம்பலில் ஒரு புதிய செல்போன் கடை திறப்பு. காலை பத்து மணி, நல்ல வெயில். தேவா மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டம் சேர்த்தான். உத்தமன் கடை வாசலில் நின்றார். டம்ளர் ஐட்டம் வந்தது. கடைக்காரரின் சின்ன மகள் தண்ணீரை நீட்டினாள்.

இன்றைக்கு ஒரு முறை. யாருக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஒரே ஒரு முறை சரியாக.

அவர் டம்ளரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பெண்ணுக்குக் கை வலித்திருக்க வேண்டும், அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டம் முணுமுணுத்தது.

"இன்னா மாமே, ஆஃப் ஆயிட்ச்சா?"

"சார்ஜர் குத்துங்கப்பா, உள்ள கடைலதான் விக்கிறாங்களே!"

தேவா மைக்கில் சமாளித்தான். "மக்களே, ரோபோக்கு பேட்டரி லோ! ஒரு ரெண்டு நிமிசம்!" பிறகு மைக்கை மூடிக்கொண்டு காதருகே வந்தான். "அண்ணாத்தே, இன்னாத்துக்கு கெடந்து நிக்கிற? ஓனர் மொறைக்கிறான். எப்பவும் பண்றத பண்ணு. அட்ச்சி வுடு."

உத்தமன் கையை மெல்ல நீட்டினார். விரல்கள் டம்ளரைத் தொடுகிற நேரத்தில் முழங்கை நின்றது. வெட்டியது. மணிக்கட்டு வெட்டியது. அவர் பல்லைக் கடித்துக் கழுத்தைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். அது அவர் பேச்சைக் கேட்கவில்லை. மூன்று வெட்டு. நான்கு இல்லை, இரண்டு இல்லை. தண்ணீர் அந்தக் குழந்தையின் புதுச் சட்டையில் கொட்டியது.

கூட்டம் ஆர்ப்பரித்தது. அப்படிச் சிரித்தார்கள். குழந்தையும் சிரித்தது. "இன்னொரு வாட்டி! இன்னொரு வாட்டி!" என்றார்கள். அவர் இன்னொரு முறை செய்தார். மதியம் வரை செய்தார்.

வீட்டுக்கு வந்து, குழாயடியில் உட்கார்ந்து, சோப்பைப் போட்டு உரித்தார். காதுக்குப் பின்னால் மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையாதலால் கண்ணம்மா வீட்டில் இருந்தாள். கழுத்துப்பட்டையை எடுத்துவந்து மாட்டிவிட்டாள். அப்போதுதான் கல்லூரிக் கதையை அவளிடம் முழுசாகச் சொன்னார். சுவிட்ச், தகடு, பதினாறு, இருபத்தி நாலு. அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"சரி, வேகமா ஓட்னாங்கோ. அதுக்கு இன்னாய்யா இப்போ?"

"நான் பண்ணது ஒண்ணும் அது இல்லடி."

"அது இல்லன்னா வேற ஒண்ணு. ஜனம் கை தட்டிச்சில்ல?"

"நான் வேற ஒண்ணு பண்றேன்னு கழுத்த குட்க்கல. அதுன்னு நெனச்சிகினுதான் குட்த்தேன்."

கண்ணம்மாவின் கை கீரையில் நின்றது. எழுந்துபோய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டுவந்து நீட்டினாள். பாதி டம்ளர்.

உத்தமன் அதைப் பார்த்தார். "ரொப்பிக் குடு."

"குடிச்சிட்டுக் கேளுய்யா."

"கண்ணம்மா. ரொப்பிக் குடு."

அவள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு போய் விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு வந்தாள். இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள்.

வேஷம் இல்லை, பவுடர் இல்லை, பார்க்க ஆள் இல்லை, சிந்தாமல் காக்கிற மேடைக் கவனமும் இல்லை. தாகமாய் இருக்கிற ஒரு மனிதன் தன் வீட்டில் தன் பெண்டாட்டி கையிலிருந்து தண்ணீர் வாங்குகிறான், அவ்வளவுதான். உத்தமன் கையை நீட்டினார். முழங்கை வெட்டியது. மணிக்கட்டு வெட்டியது. தண்ணீர் எகிறி அவள் புடவையிலும் கீரையிலும் தரையிலும் கொட்டியது.

கண்ணம்மா திடுக்கிடவில்லை. துடைக்கிற துணி எப்போதும்போல அவள் இடுப்பில் இருந்தது. குனிந்து துடைக்க ஆரம்பித்தாள்.

"எப்பத்லேந்துடி இப்டி?"

"இன்னாத்த?"

"நான் ஊட்லயும் இப்டிதான் வாங்கறனா?"

அவள் தலை நிமிரவில்லை. "கண்ணாலம் ஆன மொத நாளு பால் சொம்பு குட்த்தேனே, அப்பவே புதுப் பொடவ பூரா பாலு. அதான் அரை டம்ளரு. நீதான் எங்க ஊரு கைய சொல்லிகினு இருந்த."

உத்தமன் டம்ளருக்குள் பார்த்தார். பாதிதான் மிச்சம் இருந்தது. அதைக் குடித்தார்.